எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்: அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடந்த கப்பல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்கப்பல் என்று பேச்செடுத்தாலே டைட்டானிக்கில் தொடங்கி டைட்டானிக்கிலேயே முடித்துவிடுகிறோம். முதல் பயணத்தைக்கூட முடிக்காத கப்பல் அது. நானூறு முறை அட்லாண்டிக்கைப் போய்த் திரும்பி, பத்து லட்சம் பேருக்கு மேல் பத்திரமாகக் கரைசேர்த்த ஒரு கப்பலைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. 2025 தொடக்கத்தில், "உலகின் அதிவேகப் பயணிகள் கப்பலைக் கடலில் மூழ்கடிக்கக் கொண்டுபோகிறார்கள்" என்று செய்தி வந்தது. ஏன், எதற்கு, காப்பாற்ற வழியே இல்லையா என்ற கேள்விகளும் கூடவே வந்தன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

இது எந்தக் கப்பல்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஓட்டிய பயணிகள் கப்பல். நாட்டின் பெயரையே கப்பலுக்கும் வைத்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் 1950 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. 1952 ஜூலை 3-ம் தேதி நியூயார்க்கிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. நீளம் 990 அடி, அகலம் 101 அடி. சுமார் 1,900 பயணிகளும் 900 சிப்பந்திகளும் போகலாம். பிரான்சின் லெ ஹாவ்ர், இங்கிலாந்தின் சவுதாம்ப்டன், பல பயணங்களில் ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் என்பது அதன் வழக்கமான பாதை. 1969 நவம்பரில் ஓட்டம் நின்றது. ஓடியது 17 ஆண்டுகள். சும்மா கிடந்ததோ அதைப்போல மூன்று மடங்கு காலம்.

பயணிகள் கப்பலுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது என்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கப்பலைப் பற்றிய மற்ற புதிர்களில் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குயின் மேரி, குயின் எலிசபெத் என்ற இரண்டு சொகுசுக் கப்பல்களும் சாம்பல் நிறம் பூசிக்கொண்டு படைவீரர்களை ஏற்றிச் சென்றன. 1943 ஜூலையில் குயின் மேரி ஒரே பயணத்தில் 16,683 பேரை நியூயார்க்கிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனது. ஒரு முழு டிவிஷன் படையே ஒரு கப்பலில்! துணைக்குப் போர்க்கப்பல்கூட வழி நெடுக வேண்டியதில்லை. நீர்மூழ்கிகளால் துரத்திப் பிடிக்க முடியாத வேகம்தான் பாதுகாப்பு.

இதைப் பக்கத்திலிருந்து பார்த்த அமெரிக்காவுக்கு ஒன்று உறைத்தது. தன் வீரர்களை ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்கள் இன்னொரு நாட்டுடையவை. போர் முடிந்த கையோடு சோவியத் ஒன்றியத்துடன் பகை மூண்டது. ஐரோப்பாவில் மறுபடி சண்டை வந்தால் படைகளை உடனே கொண்டுபோய் இறக்கச் சொந்தக் கப்பல் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

அதனால் கட்டுமானச் செலவான சுமார் 7.8 கோடி டாலரில் 5 கோடியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. கம்பெனி கொடுத்தது 2.8 கோடி. அதற்குப் பதிலாகக் கடற்படை சொன்ன நிபந்தனைகளை எல்லாம் கப்பலுக்குள் வைத்துத் தைத்தார்கள். தேவைப்பட்டால் குறுகிய காலத்தில் துருப்புக் கப்பலாக மாற்ற வேண்டும். சுமார் 14,000 வீரர்களை ஏற்றிக்கொண்டு, நடுவில் எரிபொருள் நிரப்பாமல் 10,000 கடல் மைல் போக வேண்டும். பனாமா கால்வாயின் குறுகலான மதகு அறைகளுக்குள் நுழைய வேண்டும். 101 அடி அகலத்துக்குக் காரணம் அதுதான். இன்ஜின் அறைகளை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டார்பிடோ பட்டாலும் மற்றதை வைத்து ஓட வேண்டும்.

ஆக, வெளியே நடன அரங்கமும் உணவுக்கூடமும், உள்ளே போர்க்கப்பலின் எலும்பு. அழகுக்காக எடுத்த முடிவு என்று இந்தக் கப்பலில் நாம் நினைக்கும் பலவும் போருக்காக எடுத்த முடிவுதான்.

இதை வடிவமைத்தவர் யார்?

வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். 1886-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். எட்டு வயதில், அதே ஊரின் கிராம்ப் கப்பல் தளத்தில் 'செயின்ட் லூயிஸ்' என்ற கப்பல் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தார். அன்றே கப்பல் பித்து பிடித்துவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் படித்தது சட்டம். கப்பல் கட்டுமானத்தை முறையாகக் கல்லூரியில் படிக்காமலேயே, வரைபடங்களைத் தானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். தம்பி பிரெடரிக்குடன் சேர்ந்து, முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஆயிரம் அடி நீளக் கப்பல் ஒன்றுக்குத் திட்டம் போட்டுவிட்டார். அது காகிதத்தோடு நின்றுபோனது.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஜெர்மனியின் 'ஃபாட்டர்லாண்ட்' என்ற ராட்சதக் கப்பலை முதல் உலகப் போரில் அமெரிக்கா கைப்பற்றி, 'லெவியாதன்' என்று பெயர் மாற்றியது. போருக்குப் பிறகு அதைப் பயணிகள் கப்பலாகப் புதுப்பிக்கும் பொறுப்பு கிப்ஸிடம் வந்தது. வேலைக்கு மூல வரைபடங்கள் வேண்டும். கட்டிய ஜெர்மன் கம்பெனி பத்து லட்சம் டாலர் கேட்டது. கிப்ஸ் கொடுக்கவில்லை. ஆட்களை அனுப்பிக் கப்பலின் ஒவ்வொரு மூலையையும் நாடா பிடித்து அளக்கச் சொல்லி, மொத்த வரைபடத்தையும் புதிதாக வரைந்து முடித்தார். தொழிலைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

யுனைடெட் ஸ்டேட்ஸ் ஓட ஆரம்பித்தபோது அவருக்கு வயது 65 தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டுக் கனவு. கப்பல் நடுக்கடலில் இருக்கும் நாட்களில்கூடத் தொலைபேசியில் கூப்பிட்டு அதன் நிலவரத்தைக் கேட்பார். நியூயார்க் துறைமுகத்துக்குத் திரும்பும்போது நேரில் போய் நிற்பார். 1967-ல் அவர் இறந்தார். கப்பல் ஓய்வு பெற்றதை அவர் பார்க்க நேரவில்லை.

கப்பலில் மரமே கிடையாது என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. பயணிகள் கண்ணில் படும் இடங்களில் மரம் என்றால் பியானோக்கள் மட்டும். அப்புறம் சமையலறையில் இறைச்சி வெட்டும் கட்டைகள். மற்றபடி கட்டில், நாற்காலி, அலமாரி, கைப்பிடிச்சுவர், துணி மாட்டும் கொக்கி வரை எல்லாம் அலுமினியம் அல்லது தீப்பிடிக்காத வேறு பொருள்.

காரணம், கிப்ஸுக்கு நெருப்பின் மேல் இருந்த பயம். அந்தப் பயம் நியாயமானது. 1934 செப்டம்பரில் 'மாரோ காசில்' என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பல் நியூஜெர்சி கடற்கரையை ஒட்டி எரிந்து 137 பேர் இறந்தார்கள். உள்ளே பதித்திருந்த பளபளப்பான மரப்பலகைகளே தீக்கு வழி காட்டின. 1942 பிப்ரவரியில் பிரான்சின் பேரழகான 'நார்மண்டி' நியூயார்க் துறையில் கட்டிக் கிடந்தபோது எரிந்தது. அதைத் துருப்புக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் பொறி பறந்து, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. தீயணைப்புப் படகுகள் பீய்ச்சியடித்த தண்ணீரின் பாரம் தாங்காமல் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அட்லாண்டிக்கின் ராணி என்று பெயரெடுத்த கப்பல் துறைமுகச் சேற்றில் படுத்துக் கிடந்த காட்சியை, கப்பல் தொழிலில் இருந்த யாராலும் மறக்க முடிந்ததில்லை.

அதனால்தான் யுனைடெட் ஸ்டேட்ஸில் உள்ளலங்காரம் செய்த டாரதி மார்க்வால்ட், ஆன் உர்குவார்ட் என்ற இருவருக்கும் மிகக் கடுமையான கட்டுப்பாடு. திரைச்சீலை, விரிப்பு, நாற்காலி உறை எல்லாம் தீப்பரிசோதனையில் தேற வேண்டும். கண்ணாடி இழையில் நெய்த துணிகளைத் தேடிப் பிடித்தார்கள். சுவர் ஓவியங்களுக்குப் பதில் அலுமினியத்திலும் கண்ணாடியிலும் செய்த கலைப்பொருட்கள். அட்லாண்டிக் கப்பல் என்றாலே தேக்கும் வால்நட்டும் பட்டும் என்று பழகியிருந்தவர்களுக்கு இது வெறிச்சென்று தெரிந்திருக்கும். இன்று பழைய வண்ணப் புகைப்படங்களைப் பார்க்கும்போது, சிவப்பும் நீலமும் உலோக வெள்ளையுமாக, 1950-களின் தன்னம்பிக்கை அப்படியே தெரிகிறது. எனக்கு அந்த எளிமை பிடித்திருக்கிறது.

பியானோவையும் அலுமினியத்தில் செய்துதரச் சொல்லி கிப்ஸ் கேட்டாராம். ஸ்டைன்வே கம்பெனி மறுத்துவிட்டு, தங்கள் மகோகனி மரத்தின் மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திக் காட்டி, அது பற்றிக்கொள்ளவில்லை என்று நிரூபித்த பிறகே ஒப்புக்கொண்டார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இதில் வருத்தமான மறுபக்கமும் உண்டு. தீயைத் தடுக்க அந்தக் காலத்தில் கிடைத்த சிறந்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ். சுவர்ப்பலகை, குழாய்களின் உறை என்று எல்லா இடத்திலும் அதை வைத்தார்கள். பிற்காலத்தில் கப்பலைப் புதுப்பிக்க நினைத்த ஒவ்வொருவருக்கும் அதுவே முதல் தடையாக நின்றது.

அவ்வளவு வேகம் எப்படி வந்தது?

எடைக் குறைப்பும் இன்ஜின் பலமும் சேர்ந்ததால். மேல்தளக் கட்டுமானம் முழுவதும் அலுமினியம். சுமார் 2,000 டன். அதுவரை ஒரே கட்டுமானத்தில் யாரும் அவ்வளவு அலுமினியம் போட்டதில்லை. மேலே பாரம் குறைந்ததால் உடலை ஒல்லியாகச் செதுக்க முடிந்தது. உப்புக்காற்றில் அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டால் அரித்துவிடும் என்பதால், இரண்டும் சேரும் இடங்களில் எல்லாம் நடுவே காப்புப்பொருள் வைத்து இணைத்தார்கள்.

கீழே, இரண்டு தனித்தனி அறைகளில் எட்டுக் கொதிகலன்கள். அன்றைய வணிகக் கப்பல்களில் கேள்விப்படாத அழுத்தத்திலும் வெப்பத்திலும் நீராவி. போர்க்கப்பல் தொழில்நுட்பம் அது. நான்கு டர்பைன் தொகுதிகள், மொத்தம் சுமார் 2,40,000 குதிரைத்திறன். ஒப்பிட்டுப் பாருங்கள்: குயின் மேரிக்கு 1,60,000 குதிரைத்திறன், மொத்தக் கொள்ளளவு 81,000 டன்னுக்கு மேல். இந்தக் கப்பலின் கொள்ளளவு 53,330 டன். மூன்றில் இரண்டு பங்கு உடம்புக்கு ஒன்றரை மடங்கு பலம்.

நான்கு புரொப்பல்லர்களையும் சொல்லாமல் விடக் கூடாது. உள்பக்கம் இருந்த இரண்டுக்கும் ஐந்து இறக்கை, வெளிப்பக்கம் இருந்த இரண்டுக்கும் நான்கு இறக்கை. அதிவேகத்தில் புரொப்பல்லரைச் சுற்றிக் குமிழிகள் உண்டாகி, கப்பலின் பின்பகுதி அதிர ஆரம்பிக்கும். இந்த 4–5 ஏற்பாடு அதிர்வைக் குறைத்தது. இந்த வடிவமைப்பில் முக்கியப் பங்கு எலைன் கப்லான் என்ற பெண் பொறியாளருடையது. 1950-களில், ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த ஒரு தொழிலில், நாட்டின் ரகசியமான கப்பலின் புரொப்பல்லர் வேலை ஒரு பெண்ணின் மேசையில் நடந்தது. கிப்ஸ் அளவுக்கு அவர் பெயரும் தெரிய வேண்டும்.

புளூ ரிபாண்ட் என்றால் என்ன? முதல் பயணத்தில் என்ன நடந்தது?

அட்லாண்டிக்கை மிக அதிக சராசரி வேகத்தில் கடக்கும் பயணிகள் கப்பலுக்குக் கிடைக்கும் கௌரவம். கிழக்கு நோக்கிப் போவது தனிக் கணக்கு, மேற்கு நோக்கி வருவது தனிக் கணக்கு. மேற்கே வரும்போது கடல் நீரோட்டம் எதிர்த்து நிற்பதால் அந்தச் சாதனைக்கே மதிப்பு அதிகம். 1938 முதல் இரண்டும் குயின் மேரியின் கையில் இருந்தன.

கமடோர் ஹாரி மேனிங் தலைமையில் கிளம்பிய கப்பல், நியூயார்க் அருகே ஆம்புரோஸ் கலங்கரைக் கப்பலிலிருந்து இங்கிலாந்தின் பிஷப் ராக் கலங்கரை விளக்கம் வரையிலான 2,942 கடல் மைல் தூரத்தை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. சராசரி 35.59 நாட், அதாவது மணிக்கு சுமார் 66 கிலோமீட்டர். குயின் மேரியின் சாதனையை விடப் பத்து மணி நேரம் குறைவு! ஜூலை 7-ம் தேதி விடியற்காலையில் பிஷப் ராக்கைத் தாண்டும் நேரத்துக்காகப் பயணிகளில் பலர் இரவு முழுக்கத் தூங்காமல் ஆடிப்பாடிக் காத்திருந்தார்கள். அதிபர் ட்ரூமனின் மகள் மார்கரெட்டும் அந்தப் பயணத்தில் இருந்தார். கப்பல் ஐரோப்பாவை அடைந்தபோது, நீர்மட்டத்தை ஒட்டிய கருப்புப் பெயின்ட் வேகத்தில் உரிந்துபோய் உலோகம் பளிச்சிட்டது.

திரும்பும்போது 3 நாள் 12 மணி 12 நிமிடம், 34.51 நாட். இரண்டு திசைச் சாதனையும் முதல் பயணத்திலேயே வந்து சேர்ந்தது.

அந்தச் சாதனையை யாராவது முறியடித்தார்களா?

பயணிகளை வழக்கமாக ஏற்றிச் செல்லும் கப்பல் எதுவும் முறியடிக்கவில்லை. 1990-ல் 'ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன்' என்ற இரட்டை உடல் கட்டமரான் படகு கிழக்கு நோக்கி இன்னும் வேகமாகக் கடந்து, இந்த வேகச் சாதனைக்குத் தரப்படும் ஹேல்ஸ் கோப்பையை வாங்கிக்கொண்டது. 1998-ல் வேறு இரண்டு கட்டமரான்கள் அதையும் தாண்டின. ஆனால் அவை கால்வாய்களிலும் விரிகுடாக்களிலும் ஓடுவதற்குக் கட்டியவை. அட்லாண்டிக்கில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு போனவை அல்ல. மேற்கு நோக்கிய சாதனையைப் பயணிகள் கப்பல் வேறு எதுவும் தொடவில்லை. கோப்பை யாரிடம் இருந்தாலும் புளூ ரிபாண்ட் யுனைடெட் ஸ்டேட்ஸுடையது என்பதே என் கட்சி.

உச்ச வேகம் எவ்வளவு? ஏன் மறைத்தார்கள்?

38.32 நாட். மணிக்கு சுமார் 71 கிலோமீட்டர். 1952-ல் நடந்த சோதனை ஓட்டத்தில் தொட்ட வேகம் இது. எதிரி நீர்மூழ்கிக்கு இந்தத் தகவல் கிடைக்கக் கூடாது என்பதால் இராணுவ ரகசியமாக வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்தே வெளியிட்டார்கள். மறைக்க மறைக்க வதந்தி வளர்ந்தது. 43 நாட் என்றெல்லாம் பேசினார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் உடலின் வடிவமும் ரகசியம்தான். சரிவிலிருந்து தண்ணீரில் இறக்காமல் உலர்துறைக்குள்ளேயே கட்டி மிதக்கவிட்டதால், அந்தப் பகுதியைப் படமெடுக்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

டைட்டானிக்கை விடப் பெரியதா?

ஆமாம். நீளத்தில் 100 அடிக்கு மேல் அதிகம். குயின் மேரியை விடச் சிறியது.

உள்ளே பயணம் எப்படி இருந்தது? யாரெல்லாம் போனார்கள்?

முதல் வகுப்பு, கேபின் வகுப்பு, டூரிஸ்ட் வகுப்பு என்று மூன்று. கப்பல் முழுக்கக் குளிர்சாதன வசதி உண்டு. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். நீச்சல்குளம், திரையரங்கம், நடனக்கூடம் இருந்தன. நாய்களுக்குக் கூண்டுகளும் உண்டு. வின்ட்சர் கோமகனும் (முன்னாள் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட்) அவர் மனைவியும் தங்கள் நாய்களுடன் அடிக்கடி வந்தார்கள். திரை நட்சத்திரங்கள், அமெரிக்க அதிபர்கள் என்று பட்டியல் நீளும். 1968-ல் ஆக்ஸ்போர்டில் படிக்கக் கிளம்பிய ஒரு மாணவர் கூட்டத்தில் பில் கிளிண்டனும் இருந்தார்.

மனிதர்களை விடப் பிரபலமான பயணி ஒருவர் உண்டு: மோனாலிசா. 1962 டிசம்பரில் பிரான்சின் 'பிரான்ஸ்' என்ற கப்பலில் அமெரிக்கா போன அந்த ஓவியம், கண்காட்சி முடிந்து 1963-ல் வீடு திரும்பியது யுனைடெட் ஸ்டேட்ஸில்.

ஆனால் இந்தக் கப்பலை நிரப்பியவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பங்கள். ஜெர்மனியில் நிறுத்தியிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் மனைவி மக்கள், ஐரோப்பாவிலிருந்து குடியேற வந்தவர்கள், மாணவர்கள். பிரெமர்ஹாவன் வரை கப்பல் போனதற்கு இவர்களே முக்கியக் காரணம்.

கடைசியில் போருக்குப் போனதா?

போகவில்லை. ஒரு முறைகூடத் துருப்புக் கப்பலாக மாற்றவில்லை. எந்த நாளுக்காக 5 கோடி டாலர் கொடுத்தார்களோ அந்த நாள் வரவே இல்லை. இதை நான் வீண் செலவாக நினைக்கவில்லை. அந்த நாள் வராமல் போனது உலகத்துக்கு நல்லது.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்?

ஜெட் விமானம். 1958 அக்டோபரில் பிரிட்டனின் காமெட் விமானமும், அதே மாதம் அமெரிக்காவின் போயிங் 707-ம் அட்லாண்டிக்குக்கு மேல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்தன. கப்பலில் ஐந்து நாள் ஆகிற இடத்துக்கு ஏழெட்டு மணி நேரத்தில் போய்விடலாம். உலகிலேயே வேகமான கப்பல் என்ற பெருமைக்கு அதன் பிறகு டிக்கெட் வாங்க ஆள் குறைந்தது.

வருமானம் குறையக் குறைய, அரசு மானியத்தை நம்பியே ஓட வேண்டியதாயிற்று. அவ்வளவு சக்தி வாய்ந்த இன்ஜின்கள் எண்ணெயைக் குடித்தன. 1960-களில் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. உல்லாசப் பயணங்களுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். குளிர்ந்த வட அட்லாண்டிக்குக்காகக் கட்டிய கப்பலில் வெயில் காயத் திறந்தவெளிக் குளம்கூட இல்லை. 1969 நவம்பரில் வழக்கமான பராமரிப்புக்கு நியூபோர்ட் நியூஸுக்குப் போனது. அங்கே இருக்கும்போதே ஓய்வு அறிவிப்பு வந்துவிட்டது. கட்டில் மெத்தை, தட்டு முட்டு எல்லாம் இருந்தது இருந்தபடி பூட்டி வைத்தார்கள்.

1969-க்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் என்ன செய்தது?

கை மாறிக்கொண்டே இருந்தது. 1978-ல் சியாட்டிலைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர், மிதக்கும் குடியிருப்பாக மாற்றும் திட்டத்தோடு அரசிடமிருந்து வாங்கினார். பணம் திரளவில்லை. 1984-ல் உள்ளே இருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி, பீங்கான், திரைச்சீலை, அறைச் சாவி என்று எல்லாம் நாலா திசையும் போனது. என்னைப் பொறுத்தவரை கப்பல் செத்த நாள் அதுதான். உடல் பிறகும் நாற்பது ஆண்டு மிதந்தது, அவ்வளவே.

1992-ல் மறுபடி விற்பனை. துருக்கிக்கு இழுத்துப் போனார்கள். அங்கிருந்து உக்ரைனின் செவஸ்தபோலுக்குப் போய், உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸில் பெரும்பகுதியை உரித்தெடுத்தார்கள். அதோடு அறைச் சுவர்களும் போயின. கப்பலின் உள்ளே நின்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறும் இரும்பு. 1996-ல் பிலடெல்பியாவுக்குத் திரும்பி டெலாவேர் ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. கிப்ஸ் பிறந்த ஊர்! எதிரே ஒரு பெரிய ஐகியா அறைகலன் கடை. அதன் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு, சன்னல் வழியே சிவப்பு-வெள்ளை-நீலம் வெளுத்துப்போன இரண்டு பிரம்மாண்டப் புகைபோக்கிகள் தெரியும். ஒரு தலைமுறைக்கு அந்தக் கப்பல் இப்படித்தான் அறிமுகம்.

2003-ல் நார்வீஜியன் குரூஸ் லைன் வாங்கியது. மீண்டும் ஓட்டும் எண்ணம் நிறைவேறவில்லை. 2011-ல் கிப்ஸின் பேத்தி தலைமையிலான ஒரு பாதுகாப்பு அமைப்பு 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. பழைய இரும்புக்காரர்கள் அதைவிட அதிகம் தரத் தயாராக இருந்தும் கம்பெனி இவர்களுக்கே கொடுத்தது. 2016-ல் கிரிஸ்டல் குரூஸஸ் கப்பலைப் புதுப்பிக்க முன்வந்து, ஆறே மாதத்தில், இது நடக்காது என்று பின்வாங்கியது.

குயின் மேரியைக் காப்பாற்றினார்களே, இதை ஏன் முடியவில்லை?

குயின் மேரி 1967-ல் ஓய்வு பெற்ற கையோடு கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரத்தால் வாங்கப்பட்டு, உள்ளலங்காரத்தோடு ஹோட்டலானது. குயின் எலிசபெத் 2 துபாயில் ஹோட்டலாக இருக்கிறது. நெதர்லாந்தின் 'ராட்டர்டாம்' தன் சொந்த ஊரிலேயே நிற்கிறது. இவை மூன்றிலும் பழைய மரப்பலகையும் மாடிப்படியும் அப்படியே உண்டு. பார்க்க வருபவர்களுக்குக் காட்ட ஏதோ இருக்கிறது. யுனைடெட் ஸ்டேட்ஸில் மிச்சம் இருந்தது வெறும் கூடு. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கான டாலர் வேண்டும்.

இதற்கிடையில் கப்பலைக் கட்டி வைத்திருந்த துறையின் வாடகை. ஒரு நாளைக்கு 850 டாலர் என்று இருந்ததைத் துறையின் உரிமையாளர் 2021-ல் இரண்டு மடங்காக்கினார். வழக்கு நீதிமன்றம் போனது. 2024 ஜூனில் தீர்ப்பு வந்தது: கூடுதல் வாடகை கட்ட வேண்டாம், ஆனால் செப்டம்பருக்குள் கப்பலை அப்புறப்படுத்த வேண்டும். 990 அடிக் கப்பலை மூன்று மாதத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? எந்தத் துறைமுகமும் இடம் தரவில்லை.

தனியார் நன்கொடையை மட்டும் நம்பாமல் அமெரிக்க அரசு இருபது ஆண்டு முன்பே தலையிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் பெயரைத் தாங்கிய கப்பல், பாதிக்கு மேல் மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. ஒரு துறையும் கொஞ்சம் பெயின்டும் கொடுக்க மனம் வந்திருந்தால் போதும்.

கடலில் மூழ்கடிப்பானேன்? உடைத்து இரும்பை விற்றிருக்கலாமே?

அந்தப் பாதுகாப்பு அமைப்பு அஞ்சியதே அதைத்தான். 'பிரான்ஸ்' கப்பலின் கதையைக் கேளுங்கள். 'நார்வே' என்று பெயர் மாறி உல்லாசக் கப்பலாக ஓடி, கடைசியில் நம் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. 2007 வாக்கில் தொடங்கி அங்கே துண்டு துண்டாக உடைத்தார்கள். மோனாலிசாவைக் கொண்டுபோன கப்பலில் இன்று முகப்பின் ஒரு துண்டும் ஏலத்தில் போன சில பொருட்களும்தான் மிச்சம்.

யுனைடெட் ஸ்டேட்ஸுக்கு இரண்டே வழி இருந்தது: உடைப்பது, அல்லது முழு உருவத்தோடு கடலுக்கு அடியில் வைப்பது. ஃபுளோரிடாவின் ஒகலூசா கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் 2024 அக்டோபரில் பத்து லட்சம் டாலருக்குக் கப்பலை வாங்க முடிவெடுத்தது. இழுத்து வருவது, சுத்தம் செய்வது, மூழ்கடிப்பது, கரையில் அருங்காட்சியகத்துக்கு உதவுவது எல்லாம் சேர்த்து ஒரு கோடி டாலர் அளவில் ஒதுக்கினார்கள். 2025 பிப்ரவரி 19-ம் தேதி இழுவைக் கப்பல் டெலாவேர் ஆற்றிலிருந்து அதை வெளியே கொண்டுவந்தது. பாலங்களுக்கு அடியில் நுழையத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கிளப்பினார்கள். கரையெங்கும் மக்கள் நின்று வழியனுப்பினார்கள். ஃபுளோரிடாவைச் சுற்றி வந்து மார்ச் 3-ம் தேதி அலபாமாவின் மொபைல் துறைமுகத்தை அடைந்தது. எண்ணெய்க் கசடு, ஒயர், பழைய பெயின்ட் போன்ற நச்சுப் பொருட்களை எடுக்கும் வேலையை அங்கே செய்யத் திட்டமிட்டார்கள்.

இதனால் மீன்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஃபுளோரிடா வளைகுடாப் பக்கத்தின் அடித்தளம் பெரும்பாலும் வெறும் மணல். ஒட்டி வளரக் கெட்டியான பரப்பு கிடைத்தால் சிப்பி, பாசி, பவளம் ஒட்டும். சின்ன மீன் ஒதுங்கும். அதைத் தேடிப் பெரிய மீன் வரும். நம் தமிழகக் கடலோரத்தில் மீன்வளத்துறை சிமென்ட் கட்டுமானங்களை இறக்கிச் 'செயற்கை மீன் உறைவிடம்' அமைப்பதும் இதே கணக்கில்தான். 2006-ல் பென்சகோலாவுக்கு அப்பால் 'ஒரிஸ்கனி' என்ற விமானந்தாங்கிக் கப்பலை இப்படி மூழ்கடித்தார்கள்; இன்று உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் அங்கே வருகிறார்கள். யுனைடெட் ஸ்டேட்ஸ் அதைவிட நீளம்.

சுற்றுலா வருமானமும் இதில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கவுண்டி நிர்வாகமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது.

இனி இந்தக் கப்பலை எங்கே பார்க்கலாம்?

புரொப்பல்லர்கள் கரையில் இருக்கின்றன. ஒன்று, கப்பல் பிறந்த ஊரான நியூபோர்ட் நியூஸின் மாரினர்ஸ் அருங்காட்சியகத்தில். இன்னொன்று நியூயார்க் அருகே கிங்ஸ் பாயின்ட்டில் உள்ள வணிகக் கப்பல் பயிற்சிக் கல்லூரியில். பக்கத்தில் ஓர் ஆள் நின்று படமெடுத்தால் புரொப்பல்லர் மூன்று ஆள் உயரத்துக்குத் தெரியும். ஏலத்தில் போன அலுமினிய நாற்காலிகளும் பாத்திரங்களும் தனியார் சேகரிப்புகளிலும் சில அருங்காட்சியகங்களிலும் கிடைக்கும். புகைபோக்கிகளைக் கழற்றிக் கரையில் அமையும் புதிய அருங்காட்சியகத்தில் வைப்பது திட்டம்.

கப்பலையே பார்க்க வேண்டும் என்றால் முக்குளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த இடத்தில் கடலின் ஆழம் சுமார் 180 அடி. ஆனால் கப்பல் உயரமானது. மேல்தளம் 60 அடி ஆழத்துக்குள்ளேயே வந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆழம் அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கே எட்டும். கீழ்த்தளங்களுக்குப் போக மேற்பயிற்சி வேண்டும்.